நிலைமின் தடுப்புப் பின்னல் கையுறைகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

நிலைமின்னூட்டம் தேங்காமல் இறங்கிவிட, மின்சாரத்தைக் கடத்தும் நூலும் சேர்த்துப் பின்னி, மின்னணுப் பலகை அடுக்கும் மேசையிலும் கரைப்பான் புழங்கும் அறையிலும் போடும் கையுறைகளைப் பற்றி வந்த கேள்விகளில் தயாரிப்பவர்களுக்கும் பயன்படுத்துபவர்களுக்கும் பொதுவானவை இங்கே. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்திருக்கிறோம்.

13 கேஜ் (அங்குலத்துக்கு 13 ஊசி) தையலில்லாக் கையுறை இயந்திரத்தில் நைலானோடு, 4 கோர்ஸுக்கு (பின்னல் வரிசைக்கு) ஒரு கோர்ஸ் கார்பன் நூல் ஓட்டுகிறோம். மின்தடை மீட்டரின் ஒரு முனையை விரல் நுனியிலும் மறு முனையை மணிக்கட்டிலும் வைத்தால் எதுவுமே காட்டவில்லை. கார்பனைக் கூட்ட வேண்டுமா?
– பின்னல் பிரிவு மேற்பார்வையாளர்

கார்பன் போதுமான அளவு இருக்கிறது. கோட்டுக்குக் கோடு தொடர்புதான் இல்லை. இந்த வகைப் பின்னலில் நூல் குறுக்காக ஓடுகிறது. விரலைச் சுற்றி ஒரு கார்பன் வளையம், பிறகு மூன்று கோர்ஸ் வெறும் நைலான், மறுபடி ஒரு வளையம். நெட்டுக் கம்பு இல்லாமல் படிகள் மட்டும் உள்ள ஏணிதான் இது. மீட்டரின் இரு முனைகளையும் ஒரே கருப்புக் கோட்டின் மேல் வையுங்கள், எண் வரும். ஒரு முனையை அடுத்த கோட்டுக்கு நகர்த்துங்கள், எண் போய்விடும்.

வழி, கார்பனை ஒவ்வொரு கோர்ஸிலும் ஓட்டுவது. ஒரு கோர்ஸின் லூப் (கண்ணி), முந்தைய கோர்ஸின் லூப்புக்குள் நுழைந்துதான் வருகிறது. இரண்டிலும் கார்பன் இருந்தால் ஒவ்வொரு லூப்பிலும் அவை தொட்டுக்கொள்ளும். நுனியிலிருந்து மணிக்கட்டு வரை பாதை கிடைக்கும். ஒன்று விட்டு ஒரு கோர்ஸ் போட்டால் பாதிச் செலவில் முடியுமே என்று தோன்றும். முடியாது. முதல் கோர்ஸ் தொடுவது இரண்டாவதை மட்டுமே. மூன்றாவது அதற்கு எட்டாது.

அளவைப் பாருங்கள். 70 டெனியர் நைலான் இரண்டு இழை, அதனுடன் 20 டெனியர் கார்பன் ஃபிலமென்ட் ஒன்று. மொத்தம் 160 டெனியர், இதில் கார்பன் 12.5 சதவீதம். டெனியர் என்பது 9,000 மீட்டர் நூலின் கிராம் எடை. ஆகவே 20 கிராம் எடையுள்ள ஒரு கை பின்ன 1,125 மீட்டர் நூல் ஓடும், அதில் கார்பன் 2.5 கிராம். விலைக் கணக்கை இந்த 2.5 கிராமிலிருந்து போடுங்கள்.

மணிக்கட்டைப் பிடிக்கும் கஃப் பகுதியில் எலாஸ்டிக் நூல் வருகிறதே என்று பலர் அங்கே மட்டும் கார்பனை நிறுத்திவிடுகிறார்கள். கையுறை தோலை இறுக்கிப் பிடிக்கும் இடமே அதுதான். கடைசிக் கோர்ஸ் வரை கார்பன் ஓடட்டும். ஓரத்து ஓவர்லாக் நூல் சாதாரணமாக இருக்கலாம்.

ஐந்து விரல்களையும் தனித்தனியாக அளந்து எழுதுங்கள். இந்த இயந்திரம் ஒவ்வொரு விரலையும் நுனியிலிருந்து தொடங்கித் தனிக் குழாயாகப் பின்னி, பிறகு உள்ளங்கையோடு இணைக்கிறது. ஒரே ஒரு விரலில் மட்டும் எண் எகிறினால், அந்த விரல் பின்னும் நேரத்தில் நூலை ஊட்டும் ஃபீடரில் கார்பன் அறுந்திருக்கிறது, அல்லது விரலடி இணைப்பில் லூப் தவறியிருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கோடு போட்ட கையுறை, கையில் மாட்டி அளக்கும்போது தேறுவதும் உண்டு. கோட்டின் வெளிப்பக்கம் பொருளையும் உட்பக்கம் தோலையும் தொடுவதால் மின்னூட்டம் உடல் வழியாக இறங்கிவிடும். ஆனால் கோடுகளுக்கு இடையே சில மில்லிமீட்டர் வெறும் நைலான் இருக்கிறது. ஐசியின் (மின்னணுச் சில்லின்) மெல்லிய கால் அந்த இடைவெளியில் பட்டால் கோடு இருந்தும் பயனில்லை.

கார்பன், செம்பு சல்பைடு, வெள்ளி பூசிய நைலான், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று நூல் விற்பவர் நான்கு கோன் காட்டுகிறார். எதை எடுப்பது?
– கொள்முதல் அலுவலர்

மின்னணு வேலைக்கு மேற்பரப்பில் கார்பன் உள்ள நைலான் ஃபிலமென்ட்தான் எங்கள் தேர்வு. “மேற்பரப்பில்” என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. கார்பன் நூலில் இரண்டு ஜாதி. ஒன்றில் கார்பன் நடுவே இருக்கும், சுற்றிலும் நைலான் அல்லது பாலியஸ்டர் உறை. மற்றதில் கார்பன் வெளியே தெரியும். நடுக்கார்பன் நூல் தேய்மானத்துக்கு நன்றாகத் தாங்கும். ஆனால் அது வேலை செய்யும் விதமே வேறு: மின்புலம் அந்த மெல்லிய இழையருகே குவிந்து, சுற்றியுள்ள காற்றை அயனியாக்கி, அதன் வழியாக மின்னூட்டத்தைக் கரைக்கிறது. மின்னூட்டம் தணியும் வேகத்தை அளக்கும் ஈஎன் 1149-3 என்ற ஐரோப்பியத் தரச் சோதனையில் தேறும். மீட்டர் முனையை வைத்தால் உறைதான் தொடும், எண் வராது. சட்டைக்கும் மேலங்கிக்கும் அது பொருந்தும். பொருளைத் தொட்டு வேலை செய்யும் கையுறைக்குத் தொடுமிடத்திலேயே கடத்தல் வேண்டும். விற்பவர் சொல்லை நம்ப வேண்டாம். இழையைக் குறுக்கே வெட்டி நுண்ணோக்கியில் பாருங்கள். கருப்பு நடுவே புள்ளியாக இருக்கிறதா, விளிம்பில் இருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

செம்பு சல்பைடு பூசிய நூல் நன்றாகவே கடத்தும். ஆனால் வியர்வையிலும் பிளீச்சிலும் பூச்சு கெடும். அடிக்கடி துவைக்காத, சீக்கிரம் மாற்றிவிடும் கையுறைக்கு எடுக்கலாம்.

வெள்ளி பூசிய நைலான் அளவுக்கு மீறிக் கடத்துகிறது. மின்னேறிய ஒரு ஐசியை அப்படிப்பட்ட கை தொட்டால் மின்னூட்டம் ஒரே பாய்ச்சலில் இறங்கும். ஐசியைக் கொல்வது அந்தப் பாய்ச்சல்தான். மெதுவாக இறங்க வேண்டும். கையில் மாட்டி அளக்கும்போது 10 லட்சம் முதல் 10 கோடி ஓம் வரை இருப்பது நல்ல இலக்கு. தவிர வெள்ளிப் பூச்சு தேயும், கந்தகம் பட்டால் கறுக்கும். தொடுதிரைக்காக விரல் நுனியில் மட்டும் கொஞ்சம் போட்டுக்கொள்ளலாம்.

ஸ்டீல் நூலில் 8 முதல் 12 மைக்ரான் தடிமனுள்ள குட்டை இழைகளைப் பருத்தியோடோ பாலியஸ்டரோடோ கலந்து நூற்கிறார்கள். துவைத்தாலும் கடத்தல் குறையாது. ஆனால் உடைந்த துண்டு பலகைமேல் விழுந்தால் ஷார்ட். இயந்திர ஊசியும் சீக்கிரம் தேயும். நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்களையும் நினைவில் கொள்ள வேண்டும். மின்னணுப் பிரிவுக்குள் இதை விடாதீர்கள்.

புதிதாக இருக்கும்போது எல்லாக் கையுறையும் தேறுகிறது. சில நாள் உழைப்புக்குப் பிறகு கட்டை விரலிலும் ஆள்காட்டி விரலிலும் மட்டும் எண் ஏறிவிடுகிறது. துணியில் ஓட்டை எதுவும் இல்லை. என்ன காரணம்?
– தரக் கட்டுப்பாட்டு ஆய்வாளர்

துணிக்கு முன்னால் கார்பன் இழை அறுந்துவிட்டது. ஆள்காட்டி விரலின் பக்கவாட்டை 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். நைலான் லூப்புகள் ஒழுங்காக இருக்க, அவற்றுக்கிடையே கருப்பு மயிர்போல நுனிகள் எழுந்து நிற்கும். உறுதி செய்ய, விரலை நீட்டியபடி ஒருமுறையும் மடக்கியபடி ஒருமுறையும் அளந்து பாருங்கள். நீட்டும்போது நன்றாக இருந்து மடக்கும்போது எண் துள்ளினால் இழை அறுந்து, நுனிகள் தொட்டும் விலகியும் இருக்கின்றன. இரண்டிலும் ஒரே மாதிரி உயர்ந்திருந்தால் அழுக்கு, எண்ணெய் அல்லது மென்மையூட்டி படிந்திருக்கிறது.

அறுவதன் காரணம் எளிது. டெக்ஸ்சர் செய்த நைலான் சுருள் சுருளாக இருப்பதால் இழுத்தால் நீளும். கார்பன் ஃபிலமென்ட் நேராக இருக்கிறது. இரண்டையும் ஒரே டென்ஷனில் பக்கத்தில் பக்கத்தில் விட்டுப் பின்னினால், விரலை மடக்கும் ஒவ்வொரு தடவையும் நைலான் நழுவிக்கொள்ள, பாரம் முழுவதையும் 20 டெனியர் கார்பன் சுமக்கிறது.

ஆகவே கார்பன், நைலானைவிட நீளமாக இருக்க வேண்டும். நைலான் அல்லது நைலான்-ஸ்பான்டெக்ஸை (ரப்பர்போல் நீளும் நூல் சேர்ந்ததை) நடுவில் வைத்து, கார்பனை அதன்மேல் சுற்றுங்கள். சுற்றிய நூலில் 1 மீட்டர் வெட்டி, சுருள் நீங்கும் அளவு மட்டும் இழுத்துப் பிடித்து, இரண்டையும் பிரித்து அளங்கள். கார்பன் 3 முதல் 5 செ.மீ. கூடுதலாக இருக்கும்படி வைத்துத் தொடங்கலாம். ஸ்பான்டெக்ஸ் நடுவே இருந்தால் இன்னும் கூட வேண்டும். சரிசமமாக இருந்தால் அறுந்தே தீரும். மிக அதிகமானாலும் தொல்லைதான்: கார்பன் வளையமாக வெளியே நீட்டிக்கொண்டு ஊசியிலும் பொருளின் முனையிலும் மாட்டும்.

சுற்றுவதில் ஒரே திசை முறுக்கு மட்டும் இருந்தால் விரல் திருகிக்கொண்டு நிற்கும். எஸ் திசையில் ஒன்றும் அதற்கு எதிரான இசட் திசையில் ஒன்றுமாக இரட்டைச் சுற்று கொடுங்கள். கார்பனை முதல் சுற்றாகவும் மெல்லிய நைலானை வெளிச் சுற்றாகவும் வைத்தால் தேய்மானத்தின் பெரும்பகுதி வெளிநைலான்மேல் விழும். இடைவெளியில் கார்பன் தொடவும் செய்யும். வெளிச்சுற்றை நெருக்கிவிட்டால் கார்பன் மூடிக்கொள்ளும் என்பதால் சுற்றுகளைக் குறைத்தும் கூட்டியும் மீட்டரோடு பாருங்கள். உழைப்பையும் கடத்தலையும் ஒருசேரத் தீர்மானிக்கும் இடம் இதுதான். மற்ற எதையும்விட இதற்கு அதிக நேரம் கொடுக்கலாம்.

பின்னலில் விரல் நுனிக்கு மட்டும் லூப் நீளத்தைச் சற்றுக் குறைத்து, முதல் 2 செ.மீ. வரை கூடுதலாக ஒரு நைலான் இழையைச் சேருங்கள். கை முழுக்க இறுக்கிப் பின்னினால் துணி விறைத்து, வளையும் சுமை மறுபடி கார்பனிடமே போகும்.

அளவையும் கவனியுங்கள். 8ஆம் அளவு என்பது 203 மி.மீ. சுற்றளவும் 182 மி.மீ. நீளமும் உள்ள கைக்கு. 9ஆம் அளவு 229க்கும் 192க்கும். 9ஆம் அளவுக் கையை 8இல் திணித்தால் கணுக்களில் துணி எப்போதும் இழுபட்டே இருக்கும். எதிர்ப்பக்கமாக, பெரிய கையுறையின் நுனி மடிந்து மடிப்பிலேயே தேயும்.

ஈஎன் 388 தேய்மானச் சோதனையில் 4ஆம் நிலை வாங்கியது என்ற சான்று இந்தக் கேள்விக்கு உதவாது. 100, 500, 2,000, 8,000 சுழற்சிகள் என்ற அந்த நான்கு நிலைகளும் துணியில் ஓட்டை விழுவதைத்தான் பார்க்கின்றன. அதே கருவியில் 500இல் ஒருமுறையும் 2,000இல் ஒருமுறையும் நிறுத்தி மின்தடையை அளந்து பாருங்கள். உங்கள் கையுறையின் உண்மையான ஆயுள் அதில் தெரியும்.

உள்ளங்கைக்குப் பியு (பாலியூரிதேன்) கோட்டிங் கொடுத்ததும் கடத்தல் போய்விட்டது. கோட்டிங் இல்லாமல் கொடுத்தால் பிடிமானம் இல்லை என்கிறார்கள்.
– டிப்பிங் பிரிவு

பாலியூரிதேன் மின்கடத்தாப் பொருள். முழு உள்ளங்கையையும் அதில் முக்கினால் கார்பனுக்கு மேலே ஒரு மூடி போட்டதாகிறது. அதைவிட மோசமானது, பியு துணியைத் துளைத்து உட்பக்கம் வந்துவிடுவது. அப்போது கார்பன் தோலையும் தொடாது. கையுறையை உள்வெளியாகத் திருப்பி, உட்பக்கம் பளபளப்பாக இருக்கிறதா பாருங்கள். இருந்தால் கலவை நீர்த்திருக்கிறது, அல்லது முக்கி எடுக்கும் நேரம் அதிகம்.

பலகை வேலைக்கு விரல் நுனிக் கோட்டிங்கே போதும். நுனிகளில் பிடிமானம் கிடைக்கும். விரல் தண்டும் உள்ளங்கையும் திறந்திருக்கும். ஆனால் சிறு பாகத்தை நுனியால் மட்டுமே பிடிப்பவருக்கு இது கைகொடுக்காது. முழு உள்ளங்கையும் வேண்டுமென்பவர்களுக்கும் அவருக்கும் பியுவிலேயே கடத்தும் கார்பன் கரித்தூளைக் கலக்க வேண்டும். கரித்தூள் விஷயத்தில் ஒரு விசித்திரம்: கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டும்போது நெடுநேரம் ஒன்றும் நடக்காது, துகள்கள் ஒன்றையொன்று தொடும் அளவு வந்ததும் மின்தடை திடீரென்று விழும். அதற்கு மேல் கூட்டினால் பூச்சு விறைக்கும், வெள்ளைப் பாகங்களில் கருப்புக் கறை படியும், வேறு பயன் இல்லை. சிறு சிறு படியாகக் கூட்டி, விழும் இடத்தைக் கண்டு, அதற்குச் சற்று மேலே நிறுத்துங்கள்.

திரவ ஆன்டிஸ்டாடிக் மருந்தைக் கலப்பது மலிவு. ஆனால் அது காற்றின் ஈரத்தை இழுத்துத்தான் வேலை செய்கிறது. கசிந்து பலகையிலும் ஒட்டும்.

டிஎம்எஃப் கரைப்பானில் செய்த பியு என்றால், உறைய வைத்தபின் தண்ணீரில் நன்றாக அலசுங்கள். மிச்சம் தோலுக்கு ஆகாது.

மழைக்காலத்தில் தேறும் அதே கையுறை வறண்ட நாளில் தேறவில்லை. சாதாரண மல்டிமீட்டரில்தான் பார்க்கிறோம்.
– சிறுதொழில் முனைவோர்

மல்டிமீட்டரை ஒதுக்கி வையுங்கள். அதன் மின்னழுத்தம் மிகக் குறைவு. இந்தத் தடைகளை அதனால் நம்பகமாக அளக்க முடியாது. உயர்ந்த தடைகளை 10 வோல்ட்டிலும் 100 வோல்ட்டிலும் அளக்கும் மெகோம் மீட்டர் வேண்டும். 10 வோல்ட்டில் தொடங்குங்கள். 10 லட்சம் ஓமுக்கு மேல் காட்டினால் 100 வோல்ட்டுக்கு மாற்றுங்கள்.

வறண்ட நாளில் கெடுவதன் பொருள், உங்கள் கையுறையில் வேலை பார்ப்பது கார்பன் இல்லை, ஈரம். நைலான் சாதாரணக் காற்றிலேயே சுமார் 4 சதவீத ஈரத்தைப் பிடித்துவைத்திருக்கும். அதன்மேல் மென்மையூட்டியும் இருந்தால் ஈரமான நாளில் கார்பனே இல்லாத கையுறைகூடத் தேறக்கூடும். அதனால்தான் மின்னணுத் துறைச் சோதனைகளில் மாதிரியை 23 டிகிரி வெப்பத்திலும் 12 சதவீத ஈரப்பதத்திலும் 48 மணி நேரம் வைத்துவிட்டு அளக்கிறார்கள். ஆய்வகம் இல்லையென்றால் இறுக மூடும் பெட்டி, சிலிக்கா ஜெல், ஒரு சிறிய ஈரமானி போதும். பெட்டியிலிருந்து எடுத்த கையோடு அளந்துவிட வேண்டும்.

துணியைத் தட்டையாக வைத்து அளப்பதைவிடக் கையில் மாட்டி அளப்பதே நடைமுறைக்கு நெருக்கம். ரிஸ்ட் ஸ்ட்ராப்பை (உடலின் மின்னூட்டத்தைத் தரைக்கு இறக்கும் மணிக்கட்டுப் பட்டையை) வெறும் தோலில் கட்டி, அதன் வயரை மீட்டரின் ஒரு முனைக்குக் கொடுங்கள். மறு முனை ஓர் உலோகத் தட்டுக்கு. முதலில் வெறும் விரலால் தட்டை அழுத்தி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கையுறையோடு, ஒவ்வொரு விரலாக, அதே அழுத்தத்தில். ஸ்ட்ராப் வயருக்குள்ளேயே 10 லட்சம் ஓம் ரெசிஸ்டர் ஒன்று இருக்கிறது. எண் அதைச் சுற்றியே நின்றால் கையுறையின் சொந்தத் தடை மிகக் குறைவு என்று அர்த்தம். வெறும் விரலே அதிகம் காட்டினால் தோல் வறண்டிருக்கிறது. கையுறையைக் குறை சொல்லாதீர்கள்.

எப்படித் துவைப்பது?

40 டிகிரிக்கு மேற்படாத தண்ணீர், நடுநிலை சோப்பு, நிறைய அலசல், குறைந்த சூட்டில் உலர்த்தல். பிளீச் கூடாது. துணி மென்மையூட்டியும் கூடாது. சிலிகான் வகை, கார்பனுக்குமேல் கடத்தாப் படலமாகப் படியும். மற்ற வகை, மேலே சொன்னதுபோல் ஈரமான நாளில் பொய்த் தேர்ச்சி காட்டும். வடிவமைக்கும்போதே 1, 5, 10, 25 துவைப்புகளுக்குப் பிறகு அளந்து, எத்தனை துவைப்பு தாங்கும் என்பதைக் கையுறையின் லேபிளில் அச்சிடுங்கள்.

பெயின்ட் கலக்கும் அறையில், கரைப்பான் ஆவி இருக்கும் இடத்தில், இதே கையுறையைப் போடலாமா?
– பாதுகாப்பு அலுவலர்

மின்னணுப் பிரிவுக்குத் தேறியதை அப்படியே போடாதீர்கள். இங்கே ஆபத்து வேறு. மனித உடலை 100 பிகோஃபாரட் மின்தேக்கியாக எடுத்துக்கொண்டால், 3,000 வோல்ட்டில் அதில் 0.45 மில்லிஜூல் ஆற்றல் இருக்கும். தோலுக்கு லேசாகச் சுருக்கென்று தெரியும் அளவுதான் அந்தப் பொறி. பல கரைப்பான்களின் ஆவியைப் பற்றவைக்க 0.2 முதல் 0.3 மில்லிஜூலே போதும். ஹைட்ரஜனுக்கு 0.02கூட வேண்டாம்.

இந்த இடத்துக்கான ஐரோப்பியத் தரம் ஈஎன் 16350. துணியின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு அளக்கும் தடை, 25 சதவீத ஈரப்பதத்தில், ஒவ்வொரு அளவீட்டிலும் 10 கோடி ஓமுக்குக் குறைவாக இருக்க வேண்டும். சராசரி எடுத்துத் தப்பிக்க முடியாது. கோட்டிங் உள்ள இடமும் இதில் அடக்கம் என்பதால் சாதாரண பியு பூசிய உள்ளங்கை இங்கே விழுந்துவிடும். கரைப்பான் பியுவைக் கரைக்கவும் ஊறவைக்கவும் கூடும். பின்னல் துணி திரவத்தைத் தடுக்காது. கையில் கரைப்பான் படும் வேலை என்றால் பின்னல் கையுறையே சரியில்லை.

கையுறை எவ்வளவு நன்றாகக் கடத்தினாலும் அணிந்தவர் தரையோடு இணையாவிட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். கடத்தாத அடிப்பகுதி கொண்ட ஷூவோடு நிற்பவரின் கடத்தும் கையுறை, உடலில் சேர்ந்த மின்னூட்டம் முழுவதையும் ஒரே பொறியாக வெளியே விடும். கடத்தும் ஷூ, கடத்தும் தரை, பிறகுதான் கையுறை. அந்த அறைக்குள் கையுறையைக் கழற்றுவதையும் மாட்டுவதையும் தடை செய்யுங்கள். தோலிலிருந்து உரியும்போதுதான் மின்னூட்டம் பிரிகிறது.

கையுறை கஃப் மேல் ரிஸ்ட் ஸ்ட்ராப் கட்டலாமா?

கூடாது. ஸ்ட்ராப் தோலில், கஃப் அதன்மேல். கஃபுக்கு மேலே கட்டினால் பாதையில் துணியின் தடையும் சேரும். வியர்க்காத நாளில் ஸ்ட்ராப் சோதனைக் கருவி சிவப்பு விளக்கைக் காட்டும். இதற்காகவே கஃபை ஸ்ட்ராப் அகலத்தைவிட 2 செ.மீ. நீளமாகப் பின்னுவது நல்லது.

கரண்ட் வேலைக்கு?

கூடவே கூடாது. இது மின்சாரத்தைக் கடத்துவதற்காகவே செய்த கையுறை. மின்வேலைக்கு ஐஇசி 60903 தரத்தில் வரும், மின்னழுத்த வகுப்பு அச்சிட்ட ரப்பர் கையுறை தனி. இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள்.